ஓய்வு நாள் பதிவேட்டில் ஒரு காலிக் கட்டம்

"வரலைன்னா என்னம்மா அர்த்தம்? வராம போறதுக்கு அது என்ன பஸ்ஸா?"

"வரலைன்னா வரலைன்னுதான் சார் அர்த்தம்."

"அப்படி எழுத இந்தக் கட்டத்துல இடம் கிடையாது. தேதி, கையெழுத்து, ரெண்டே சமாச்சாரம். நீங்க என்னடான்னா ‘வரவில்லை’ன்னு கொட்டை எழுத்துல எழுதி வெச்சிருக்கீங்க."

"போன மாசமும் அதுக்கு முந்தின மாசமும் ஒண்ணும் எழுதாமத்தான் விட்டேன். ஏன் விட்டீங்கன்னு மெமோ அனுப்பினீங்க. அதான் இந்த மாசம் எழுதிட்டேன்."

விடுப்புக் குமாஸ்தா பேனா மூடியால் பதிவேட்டை இரண்டு தட்டுத் தட்டினார். ஐம்பதைத் தாண்டியவர். சட்டைப் பையில் நான்கு நிறத்தில் பேனா வைத்திருப்பார். எதிரில் நிற்பவளின் முகத்தைப் பார்த்துப் பேசும் வழக்கம் அவருக்கு இல்லை. பதிவேட்டின் முகத்தைப் பார்த்துத்தான் பேசுவார்.

அது ஒரு பொத்தான் தொழிற்சாலை. மூன்றாவது மாடியில் பரிசோதனைப் பிரிவு. நீள மேசைகள், மேசைக்கு மேசை ஒரு வட்ட விளக்கு, விளக்கின் நடுவே பூதக்கண்ணாடி, அதன் கீழே தட்டு தட்டாகப் பொத்தான்கள். ஓட்டை நேராக இருக்கிறதா, ஓரத்தில் பிசிறு நிற்கிறதா, மயிரிழை விரிசல் ஓடுகிறதா என்று பார்ப்பது இருபத்திரண்டு பெண்களின் வேலை. அந்த இருபத்திரண்டு பேருக்கும் மாதம் ஒரு நாள் ஓய்வு நாள் உண்டு. எதற்கான ஓய்வு என்று நிர்வாகம் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் அதை அறிவித்த நாளில் மேடை போட்டு, ஐந்து ஆண்கள் வரிசையாக உட்கார்ந்து, தங்களுக்குத் தாங்களே நெடுநேரம் கைதட்டிக்கொண்டார்கள்.

மாதவிடாய் வந்த அன்று ஓய்வு எடுத்துக்கொண்டு, மறுநாள் வந்து பதிவேட்டில் தேதி போட்டுக் கையெழுத்திட வேண்டும். அந்தச் சொல்லை வாழ்நாளில் ஒருமுறைகூட உச்சரித்திராத குமாஸ்தா, இருபத்திரண்டு பெண்களின் தேதிகளையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார்.

"இருபத்திரண்டு பேர், இருபத்திரண்டு தேதி. மாசக் கடைசியில கூட்டிப் பார்த்தா சரியா வரணும். உங்க ஒருத்தியால மூணு மாசமா இருபத்தொண்ணுதான் வருது. மேல இருந்து கேக்கறாங்க."

"நான் என்ன சார் பண்றது?"

குமாஸ்தா குரலைத் தணித்தார். "ஏதாவது ஒரு தேதி போட்டுட்டுப் போங்களேன். ஒன்பதாம் தேதி போடுங்க. ஒன்பதாம் தேதி யாருக்கும் இல்லை, சும்மாத்தான் கிடக்குது."

"வராததுக்கு நான் எப்படி சார் கையெழுத்துப் போடுவேன்?"

இப்படியெல்லாம் கேட்பவள் என்பதால்தான் அவளுக்கு லென்ஸ் என்று பெயர் வைத்திருந்தார்கள். பெற்றோர் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. பதினொரு வருடமாக மற்றவர்கள் கண்ணில் படாத விரிசலெல்லாம் அவள் கண்ணில்தான் படும். ஆயிரம் பொத்தான் உள்ள தட்டைப் பார்த்தால் அதில் பிழையாக இருக்கும் மூன்றும் தாமாகவே எழுந்து நின்று அவளுக்கு வணக்கம் சொல்லும் என்று கேலி பேசுவார்கள். அப்படிப்பட்டவள் ஒரு பொய்யான ஒன்பதாம் தேதியைத் தன் பெயருக்கு எதிரே எப்படி எழுதுவாள்? முட்டாள்தனம்தான். ஆனால் அந்த முட்டாள்தனத்தை நம்பித்தான் அந்தக் கம்பெனி தன் பொத்தான்களை விற்றுக்கொண்டிருந்தது.

அவளுக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. பிரிவின் கோடியில் கண்ணாடித் தடுப்புக்குள் ஜன்னலோரமாக ஒரு இருக்கை. இறுதிப் பரிசோதகரின் இருக்கை. அங்கிருந்து முத்திரை விழுந்தால்தான் பெட்டி வெளியே போகும். அதில் உட்கார்ந்திருந்த கிழவர் அடுத்த மாதக் கடைசியில் பணி ஓய்வு பெறுகிறார். பணிமூப்பில் அடுத்தவள் லென்ஸ்தான். இதுவரை அந்த இருக்கையில் ஒரு பெண் உட்கார்ந்ததில்லை. ஜன்னல் வழியாக ஆறு தெரியும் என்று சொல்வார்கள். கிழவர் பதினெட்டு வருடமாக அந்த ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

"போடமாட்டீங்க?" என்றார் குமாஸ்தா.

"மாட்டேன் சார்."

"சரி. அப்ப காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. அதைப் பிரிவுத் தலைவர்தான் நிரப்பணும். அனுப்பிடறேன்."

பிரிவுத் தலைவர் காரணக் கட்டத்தை நிரப்ப ஒரு நிமிடம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. பெண்ணுக்கு மூன்று மாதமாக வரவில்லை என்றால் உலகத்தில் ஒரே ஒரு காரணம்தான் இருக்க முடியும் என்பது அவர் எண்ணம். மாலையில் லென்ஸைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"மெதுவா, மெதுவா. கதவைத் தள்ளாதீங்க, நான் தொறக்கறேன். உக்காருங்க."

லென்ஸ் உட்கார்ந்தாள். நாற்காலியில் புதிதாக ஒரு தலையணை இருந்தது.

"நல்ல சேதி. நாங்கெல்லாம் ரொம்ப சந்தோஷப்படறோம். உங்க வீட்டுக்காரருக்கு இப்பத்தான் போன் பண்ணிச் சொன்னேன். மனுஷன் பேச்சே வராம நின்னுட்டார்."

"என்ன சேதி சார்?"

"நீங்க முழுகாம இருக்கற சேதிதான்."

"நான் அப்படி இல்லையே சார்."

பிரிவுத் தலைவர் கனிவாகச் சிரித்தார். பெண்கள் முதலில் அப்படித்தான் மறுப்பார்கள் என்று எங்கோ கேள்விப்பட்டவர்போல. "நாளையிலேருந்து நீங்க பெட்டி ஒட்டற மேசையில உக்காரலாம். விளக்குச் சூடு வேண்டாம். அந்த இறுதிப் பரிசோதகர் விஷயத்தையும் இப்போதைக்கு மனசுல போட்டு அலட்டிக்காதீங்க. உடம்புதான் முக்கியம்."

அவள் வெளியே வந்தபோது பிரிவு முழுவதும் எழுந்து நின்றது. பக்கத்து மேசைக்காரி ஓடி வந்து அவள் கையிலிருந்த கைப்பையை வாங்கிக்கொண்டாள். பணிமூப்பில் லென்ஸுக்கு அடுத்தவள் அவள்தான்.

"அடிப்பாவி, எங்ககிட்டகூட சொல்லலையே. கனம் தூக்காதே. அந்தக் கண்ணாடிக் கூண்டு சீட்டைப் பத்திக் கவலைப்படாதே, உனக்காக நான் பாத்துக்கறேன்."

"எதைப் பாத்துக்கறே?"

"சீட்டைத்தான். நீ பிரசவம் முடிச்சு வர்ற வரைக்கும் யாராவது உக்காரணும் இல்லையா?"

வீட்டில் நிலைமை இன்னும் மோசம். கணவர் லிஃப்ட் மெக்கானிக். எந்தச் சத்தத்தைக் கேட்டாலும் எங்கே பழுது என்று சொல்லிவிடுவார், மனைவி சொல்வதைக் கேட்டால் மட்டும் ஒன்றும் புரியாது. அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்து, பரணிலிருந்து மகளின் பழைய தொட்டிலை இறக்கி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். கூடம் முழுவதும் மரத்தூள். பதினொரு வயது மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓரமாக நின்றாள்.

"நான் தனி ரூம் கேட்டேன். நீங்க பாப்பா வாங்கறீங்க," என்றாள் மகள்.

"யாரும் ஒண்ணும் வாங்கலை," என்றாள் லென்ஸ். "ஏங்க, அதை மேல ஏத்துங்க. எனக்குத் தேதி தள்ளிப்போயிருக்கு, அவ்வளவுதான்."

"அதைத்தானே உங்க ஆபீசர் சொன்னார்."

"அவருக்கு எப்படித் தெரியும்?"

"ஆபீசர் ஆச்சே, தெரியாமலா சொல்வார்?"

மருந்துக் கடையில் பரிசோதனைப் பட்டை வாங்கி வந்து பார்த்தாள். ஒரே கோடு. கணவர் அதை விளக்குக்கு நேராகப் பிடித்து, சாய்த்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"ரெண்டாவது கோடு லேசாத் தெரியற மாதிரி இருக்கே."

"பதினொரு வருஷமா கோடு பாக்கறதுதான் என் தொழில். இல்லைன்னா இல்லை."

"நாளைக்குத் தெரியுமோ என்னவோ," என்று சொல்லி அவர் அதை அலமாரியில் பத்திரப்படுத்தினார். அக்காவுக்கு ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது என்பதை இரண்டு நாள் கழித்துத்தான் ஒப்புக்கொண்டார். அக்கா ஊர் முழுக்கச் சொல்லியிருந்தாள்.

லென்ஸ் ஒரு டாக்டரம்மாவிடம் போய், கர்ப்பம் இல்லை என்று எழுதி வாங்கிக்கொண்டு வந்து பிரிவுத் தலைவரின் மேசையில் வைத்தாள். அதோடு சிக்கல் தீர்ந்தது என்று நினைத்தாள். எவ்வளவு படித்த கண் இருந்தாலும் மனிதர்களுக்குள் ஓடும் விரிசல் சில நேரம் தெரிவதில்லை.

பிரிவுத் தலைவர் கடிதத்தை இரண்டு முறை படித்தார். முகத்திலிருந்த கனிவு மெல்லக் கழன்றது.

"இல்லையா?"

"இல்லை சார்."

"அப்ப, ஒரேயடியா நின்னுடுச்சா?"

"எனக்கு முப்பத்தாறு வயசு சார்."

"இப்பல்லாம் எல்லாமே சீக்கிரம் வருது. எனக்கே நாப்பதுல தலை நரைச்சிடுச்சு." மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு சிறு புத்தகத்தை எடுத்து அவளிடம் நீட்டினார். அட்டையில் ஒரு முதிய தம்பதி பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். ‘பணி ஓய்வுக்குப் பின் பயனுள்ள பொழுதுகள்.’

"இது எதுக்கு சார்?"

"சும்மா வெச்சுக்குங்க. இறுதிப் பரிசோதகர்னா இன்னும் பத்துப் பதினஞ்சு வருஷம் தெம்பா ஓடணும். கம்பெனியும் யோசிக்குமில்ல?"

கர்ப்பிணியாக இருந்தபோது எழுந்து நின்ற பிரிவு, இப்போது அவளைப் பார்த்துப் பெருமூச்சு விட்டது. கைவிசிறி கொடுத்தார்கள். எலும்பு தேய்ந்துவிடும், பால் குடி என்றார்கள். உனக்கு எரிச்சல் வருமே, வருகிறதா என்று எரிச்சல் வரும்வரை கேட்டார்கள்.

"எனக்கெல்லாம் கடிகாரம் மாதிரி," என்றாள் பக்கத்து மேசைக்காரி, பொத்தானிலிருந்து கண்ணை எடுக்காமல். "இருபத்தெட்டாவது நாள் காலையில. ஒரு நாள் முன்னே பின்னே கிடையாது."

"எனக்கும் அப்படித்தான்," என்றாள் பின் மேசைக்காரி.

"எங்க வீட்லயே எல்லாருக்கும் அப்படித்தான்," என்றாள் இன்னொருத்தி. "உடம்பை ஒழுங்கா வெச்சுக்கிட்டா அதுவும் ஒழுங்கா வரும்."

ஒரு பெண் சொல்லி முடிப்பதற்குள் அடுத்தவள் ஆரம்பித்துவிடுவாள். யாருடையது அதிக ஒழுங்கு என்பதில் அங்கே ஒரு போட்டியே நடந்தது. லென்ஸ் குனிந்து பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். பதினொரு வருடம் விரிசல் பார்த்த கையில் பசை பிசுபிசுத்தது.

அன்று மாலையே டாக்டரம்மாவிடம் மறுபடி போனாள். டாக்டரம்மா குள்ளமாக, கடுகடுப்பாக, எதையும் ஒரே தடவை சொல்பவராக இருந்தார்.

"போன தடவை எடுத்த ரத்தப் பரிசோதனை பாத்தாச்சு. தைராய்டு சரியா இருக்கு. ஸ்கேனும் பயப்படற மாதிரி இல்லை. ஹார்மோன்தான் ஏறுமாறா இருக்கு. ஏன்னு தேடணும், அதுக்குக் கொஞ்ச நாள் ஆகும்."

"டாக்டர், தேடறதெல்லாம் அப்புறம் தேடிக்கலாம். எனக்கு முதல்ல வரணும்."

"இப்பத்தான் முதல் தடவையா ஒருத்தி வரணும்னு அவசரப்படறதைப் பாக்கறேன். எதுக்கு அவசரம்?"

"பதிவேட்டுல கட்டம் காலியா இருக்கு."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளை ஒருமுறை பார்த்தார். பிறகு மேற்கொண்டு கேட்காமல் எழுதினார். "இது ஹார்மோன் மாத்திரை. பத்து நாள், காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. அப்புறம் நிறுத்திடணும். நிறுத்தின ரெண்டு மூணு நாள்ல, மிஞ்சிப்போனா ஒரு வாரத்துல வந்துடும். தள்ளிப்போய் வர்றதால கொஞ்சம் அதிகமாப் போகலாம். ரெண்டு நாள் படுத்து எந்திரி."

லென்ஸ் மாத்திரை அட்டையை முத்திரைபோல் கையில் இறுக்கிக்கொண்டு வீடு திரும்பினாள்.

மாத்திரை ஆரம்பித்த மூன்றாம் நாள் அவள் செய்த தவறு, நல்ல எண்ணத்தில் செய்தது. குமாஸ்தாவிடம் போய், இந்த மாதம் கட்டம் நிரம்பிவிடும், கவலை வேண்டாம் என்று சொன்னாள்.

"எப்படித் தெரியும்?"

"டாக்டர் மாத்திரை குடுத்திருக்காங்க சார். பதினாலுலேருந்து பதினெட்டுக்குள்ள வரும்."

குமாஸ்தா அன்றுதான் முதல்முறையாகப் பதிவேட்டிலிருந்து தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார்.

"அப்ப இது முன்கூட்டியே தெரிஞ்ச விஷயம். திடீர்னு வர்றதுக்குத்தான் ஓய்வு நாள். தேதி தெரிஞ்சு வர்றது திட்டமிட்ட விடுப்பு. அதுக்கு விண்ணப்பம் குடுத்து, பிரிவுத் தலைவர் ஒப்புதல் வாங்கி, அறிவிப்புப் பலகையில ஒட்டணும்."

"பலகையிலயா?"

"யார் எப்ப இருக்கமாட்டாங்கன்னு மத்தவங்களுக்குத் தெரிய வேண்டாமா?"

ஒட்டினார்கள். தீயணைப்புப் பயிற்சிக்கான அறிவிப்புக்கும் தொலைந்துபோன குடைக்கான அறிவிப்புக்கும் நடுவில். பிரிவுத் தலைவர் அவளைக் கூப்பிட்டார்.

"பதினாறாம் தேதி பெரிய வாடிக்கையாளர் பார்வையிட வர்றாங்க. பிரிவுல எல்லா நாற்காலியும் நிரம்பியிருக்கணும். இதை, அந்த ஞாயித்துக்கிழமைக்குத் தள்ளிப்போட முடியாதா?"

"எதை சார்?"

"அதைத்தான்."

"அது என் கையில இல்லை சார்."

"மாத்திரை உங்க கையிலதானே இருக்கு?"

பிரிவுத் தலைவரின் மனைவி எப்படி அவரோடு குடித்தனம் நடத்துகிறாள் என்ற கேள்வி லென்ஸின் நாக்கு நுனி வரை வந்தது. அதை மென்று விழுங்கினாள்.

பதினான்கு வந்தது. அது வரவில்லை. வாசலில் காவல்காரர் கேட்டார்: "இன்னுமா இங்க இருக்கீங்க, லீவு இல்ல?" பதினைந்து. கேன்டீனில் சட்டிக்குப் பின்னாலிருந்து சமையல்காரர் எட்டிப் பார்த்தார்: "வந்துடுச்சாம்மா?" பக்கத்து மேசைக்காரி மணிக்கொருமுறை புருவத்தைத் தூக்கினாள், லென்ஸ் மணிக்கொருமுறை தலையை ஆட்டினாள். கணவர்கூட வேலை நடுவில், யார் வீட்டு லிஃப்டுக்குள்ளிருந்தோ போன் செய்தார். மூன்று மாடியிலும் அதைப் பற்றிக் கேட்காத ஒரே ஆள், வாளியும் துடைப்பமுமாக எல்லா மாடிகளிலும் ஏறி இறங்கும் துப்புரவுக்காரம்மாதான். அவள் எதையும் கேட்பதில்லை. அவளிடமும் யாரும் எதையும் கேட்பதில்லை.

பதினாறாம் தேதி காலை பத்தே கால் மணிக்கு, வாடிக்கையாளர்கள் படியேறி வந்துகொண்டிருந்தபோது, நான்கு மாதத்துப் பாக்கியும் மொத்தமாகச் சேர்ந்து வந்தது.

லென்ஸ் பெட்டி ஒட்டும் மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். இடுப்பு விண்டு விழுவதுபோல் இருந்தது. நேராகப் பிரிவுத் தலைவரிடம் போய்ச் சொன்னாள்: "சார், வந்துடுச்சு. நான் கிளம்பறேன்."

வாடிக்கையாளர்களில் ஒருவர், "யார் வந்தது?" என்று விசாரித்தார். பிரிவுத் தலைவருக்குக் காது மடல் சிவந்தது.

மறுநாளும் அவளால் எழுந்திருக்க முடியவில்லை. மூன்றாம் நாள் வேலைக்கு வந்து இரண்டு நாள் ஓய்வுக்கு எழுதிக் கொடுத்தாள். குமாஸ்தா உதட்டைப் பிதுக்கினார்.

"மாசத்துக்கு ஒரு நாள்தான்."

"மூணு மாசமா நான் எடுக்கவே இல்லையே சார். அந்த மூணும் இருக்கில்ல?"

பேனா நின்றது. குமாஸ்தா பச்சைப் பேனாவைப் பையில் வைத்துவிட்டுச் சிவப்புப் பேனாவை எடுத்தார். இருபது வருட உத்தியோகத்தில் இப்படி ஒரு கேள்வி வந்ததில்லை. வராத மாதத்தின் ஓய்வு நாள், வந்த மாதத்துக்குச் சேருமா?

"இது என் மட்டத்துல முடியாது," என்றார். குரலில் ஒரு பூரிப்பு இருந்தது. "கமிட்டி போடணும்."

வெள்ளிக்கிழமை பிற்பகல் கமிட்டி கூடியது. கம்பெனிச் செயலாளர், பிரிவுத் தலைவர், இயந்திரப் பொறியாளர், சட்ட ஆலோசகர். ஐந்து பேர் இருந்தால்தான் கமிட்டி என்பதால் தீயணைப்பு அதிகாரி. பெண்கள் தரப்பும் இருக்க வேண்டும் என்று செயலாளர் பெருந்தன்மையோடு சொன்னதால் பக்கத்து மேசைக்காரி. குறிப்பெடுக்கக் குமாஸ்தா. பிஸ்கட் தட்டு ஒன்று. லென்ஸ் மேசையின் கோடியில் நின்றாள். அவளுக்கு நாற்காலி போட யாருக்கும் தோன்றவில்லை. கர்ப்பிணியாக இருந்த நாளில் தலையணை போட்டவருக்குக்கூட.

"முதல் கேள்வி," என்றார் சட்ட ஆலோசகர். "வந்தது இயற்கையா, செயற்கையா?"

"மாத்திரை போட்டு வந்தது," என்றார் பிரிவுத் தலைவர்.

"அப்ப செயற்கை."

"வலி செயற்கை இல்லை சார்," என்றாள் லென்ஸ்.

"வலியைப் பத்தி விதியில ஒண்ணும் இல்லை," என்றார் சட்ட ஆலோசகர், புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு.

பொறியாளர் கையைத் தூக்கினார். "இயந்திரம் மாதிரி யோசிச்சா ரொம்ப சுலபம். மூணு மாசம் ஓடலை. ஓடாத இயந்திரத்துக்கு என்ன பராமரிப்பு? அந்த மூணு நாளும் காலாவதி."

"ஓடலைன்னா பழுதுன்னு அர்த்தம் சார். பழுதைப் பாக்கணும் இல்லையா?"

"பழுது பாக்கறது வேற துறை."

தீயணைப்பு அதிகாரி, தன்னையும் ஏதாவது கேட்பார்கள் என்று எதிர்பார்த்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். யாரும் கேட்காததால், "அவசர வழி எல்லாம் தெளிவா இருக்கு," என்று சொல்லிவிட்டு ஒரு பிஸ்கட் எடுத்துக்கொண்டார்.

"பெண்கள் தரப்பு என்ன சொல்லுது?" என்றார் செயலாளர்.

பக்கத்து மேசைக்காரி சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். ஒரு கணம் லென்ஸைப் பார்த்தாள், சட்டென்று கண்ணைத் திருப்பிக்கொண்டாள். "எங்களுக்கெல்லாம் மாசாமாசம் சரியா வருது சார். நாங்களும் சரியா கையெழுத்துப் போடறோம். ஒருத்தருக்காக விதியை வளைச்சா, நாளைக்கு எல்லாரையும் சந்தேகப்பட்டு டாக்டர் சீட்டு கேப்பீங்க. அது வேண்டாம் சார்."

"நியாயமான பேச்சு," என்றார் செயலாளர். மேசையைச் சுற்றித் தலைகள் ஆடின.

ஒரு மணி நேரம் நாற்பது நிமிடம் பேசினார்கள். கடைசியில், வந்ததில் பாதி மாத்திரையால், மீதிப் பாதி இயற்கையால் என்று எடுத்துக்கொண்டு, அரை நாள் ஓய்வு வழங்கலாம் என்று ஏகமனதாகத் தீர்மானித்தார்கள். தங்கள் தாராளத்தை நினைத்து அவர்களுக்கே ஆச்சரியமாக இருந்தது. அரை நாளைப் பதிவேட்டில் எப்படி எழுதுவது என்று குமாஸ்தா கேட்டபோது, கட்டத்தின் குறுக்கே சாய்வாக ஒரு கோடு போடும்படி பொறியாளர் யோசனை சொன்னார்.

"இன்னொரு விஷயம்," என்றார் பிரிவுத் தலைவர். "இறுதிப் பரிசோதகர் இடம். எல்லாரும் கூடியிருக்கோம், அதையும் முடிச்சுடலாம்." குமாஸ்தாவிடமிருந்து பதிவேட்டை வாங்கி மேசை நடுவில் விரித்தார். "அந்த இருக்கைக்கு ஒழுங்குதான் முதல் தகுதி. இந்தப் பேரைப் பாருங்க. பன்னிரண்டு மாசம், பன்னிரண்டு தேதி, எல்லாம் சரியா இருபத்தெட்டு நாள் இடைவெளி. இந்தப் பேரைப் பாருங்க. வெத்துக் கட்டம், வெத்துக் கட்டம், ‘வரவில்லை’, இப்ப குறுக்குக் கோடு."

"விரிசலை யார் நல்லா பாக்கறாங்கன்னு பாக்கமாட்டீங்களா சார்?" என்றாள் லென்ஸ்.

"உங்க கண்ணைப் பத்தி யாரும் குறை சொல்லலை," என்றார் செயலாளர். "நிதானம் பத்திதான் பேச்சு."

அந்த மாடியில் இறுதிப் பரிசோதகராக ஒரு பெண்ணை முதல்முறையாக நியமித்த பெருமையில் ஐந்து ஆண்களும் கைதட்டினார்கள். பக்கத்து மேசைக்காரியும் தட்டினாள். அவள் முகம் மட்டும் வெளுத்திருந்தது. சந்தோஷமாக இருக்கும் என்று லென்ஸ் நினைத்துக்கொண்டாள்.

மணி ஐந்து அடித்து எல்லாரும் போன பிறகு, மூன்றாம் மாடிக் கழிவறையில் நின்று கைப் பசையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். எவ்வளவு தேய்த்தாலும் விரல் இடுக்கில் கொஞ்சம் மிச்சமிருந்தது. கண்ணாடியில் தெரிந்த முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் குழாயையே பார்த்தாள். ஒரு ஒன்பதாம் தேதி. யாருக்கும் இல்லாமல் சும்மாக் கிடந்த ஒரு ஒன்பதாம் தேதியை மூன்று தடவை எழுதியிருந்தால் இந்நேரம் அவளுக்கு ஆறு தெரிந்திருக்கும்.

துப்புரவுக்காரம்மா வாளியோடு உள்ளே வந்தாள். வழக்கமாக வந்ததும் தண்ணீரை ஊற்ற ஆரம்பித்துவிடுவாள். இன்று வாளியைக் கீழே வைத்தாள். கதவைச் சாத்தினாள்.

"லென்ஸு, நீ மனசு வெறுத்துப் போயிருக்கேன்னு தெரியும். இருந்தாலும் ஒண்ணு கேக்கணும்."

"நீங்களுமா? வந்துடுச்சுக்கா. வந்து, கமிட்டி போட்டு, கைதட்டி, எல்லாம் முடிஞ்சுது."

"வந்தது எனக்குத் தெரியும். நாப்கின் டப்பாவை எடுத்துக் கொட்டறவ நான்தானே." அவள் சுவரோரமாக இருந்த மூடி போட்ட டப்பாவைக் காலால் லேசாக நகர்த்தினாள். "கீழ் ரெண்டு மாடியிலயும் இது தினம் ரெண்டு தடவை நிறையுது. நானும் தினம் ரெண்டு தடவை கொட்டறேன்."

"அதுக்கு என்னக்கா இப்ப?"

துப்புரவுக்காரம்மா திரும்பிக் கதவு நன்றாகச் சாத்தியிருக்கிறதா என்று மறுபடி பார்த்துக்கொண்டாள்.

"பதிவேட்டுல என்னமோ இருபத்தொரு பேர் மாசாமாசம் கையெழுத்துப் போடறாங்களாம், ஆனா நாலு மாசமா இந்த மாடி டப்பாவைக் காலியா எடுத்துக் காலியாத்தான் வெக்கறேன், இந்த வாரம் அதுல விழுந்தது உன்னோடது மட்டும்தான், அந்த டாக்டரம்மாகிட்ட இந்த மாடி மொத்தத்தையும் ஒரு தடவை கூட்டிக்கிட்டுப் போறியாம்மா?"